விதைத்த முதல் ஆறு வாரங்கள்

வீட்டுத் தோட்டம் போட்டவர்களைக் கணக்கெடுத்தால் தொகை பெரிதாகவே இருக்கும். போட்டபின் கைவிட்டவர்களைக் கணக்கெடுத்தால் அத்தொகையும் சிறிதாக இராது. தோட்டக் குடியிருப்புகளுக்கு நாம் செல்லும்போதெல்லாம் வீடுகளின் பின்புறத்தில் மேடும் பள்ளமுமாகப் புல் மண்டிக் கிடக்கும் பழைய பாத்திகளைக் காண்கிறோம். விசாரித்தால், “போட்டோம் ஐயா, வரலே” என்னும் ஒரே விடை கிடைக்கிறது. எப்போது கைவிட்டீர்கள் என்று மேலும் கேட்டால், பெரும்பாலோர் விதைத்து ஒரு மாதம் ஆனபோது என்றே சொல்கின்றனர். இது வியப்பன்று. விதை முளைக்கும் மகிழ்ச்சி இரண்டாம் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. காய் பறிக்கும் மகிழ்ச்சி ஆறாம் வாரத்துக்குப் பின்னரே வருகிறது. இடைப்பட்ட நாள்களில் இலை மஞ்சளிக்கும், சுருளும், புழு அரிக்கும். மழை பாத்தியைக் கரைக்கும். உழைப்புக்குக் கண்காணப் பயன் ஒன்றும் இராது. அந்த இடைப்பட்ட நாள்களைப் பற்றியே இக்கட்டுரையில் கூற விரும்புகிறோம்.

மண்ணைக் கிண்டி உணவு தேடுவது தோட்டத்து மக்களுக்குப் புதிய பாடம் அன்று. 1942 முதல் 1945 வரை நீடித்த ஜப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதானபோது, லயங்களைச் சுற்றி நட்ட மரவள்ளிக் கிழங்கே எத்தனையோ குடும்பங்களின் உயிரைப் பிடித்து நிறுத்தியது. பின்னர் 1974ஆம் ஆண்டில், விலைவாசி ஏறிய வேளையில், பிரதமர் துன் அப்துல் ரசாக் பசுமைப் புத்தகத் திட்டத்தைத் தொடக்கிவைத்தார். சும்மா கிடக்கும் நிலத்தில் குறுகிய காலப் பயிர்களை விளைவிக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அந்நாளில் பள்ளிக்கூடங்களிலும் குடியிருப்புகளிலும் போட்ட பாத்திகளை இன்றும் நினைவுகூர்வோர் உளர். அன்றும் சரி, இன்றும் சரி, தொடங்குவது எளிதாகவே இருந்திருக்கிறது.

நாம் கண்ட ஒரு வீடு

நெகிரி செம்பிலான் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில், ஒரு குடும்பத்தின் காய்கறிக் கொல்லையை நாம் ஒரே பருவத்தில் மூன்று முறை சென்று பார்த்தோம். வீட்டுத் தலைவர் குலை வெட்டும் தொழிலாளர், வயது ஐம்பத்தாறு. அவர்தம் துணைவியார் முன்பு நாற்றுமேடையில் வேலை செய்தவர். வீட்டில் மூத்த அம்மையார் ஒருவரும், தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயிலும் பேத்தி ஒருத்தியும் உள்ளனர். சென்ற பருவத்தில் இவர்களும் நான்காம் வாரத்தில் கைவிட்டவர்களே.

நிலம் இருபத்து நான்கு அடி நீளம், பதினைந்து அடி அகலம். உள்நாட்டுப் பகுதிகளில் நாம் எங்கும் காணும் செம்மண். செப்டம்பர் நடுப்பகுதியில் விதைத்திருந்தனர். அது நல்ல கணக்கு. மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மழை மிகுதி. பெருமழை இறங்குமுன் வேர் ஊன்றிவிட்டால் செடி தாங்கிக்கொள்ளும். பிற்பகலில் ஒரு மணி நேரம் கொட்டித் தீர்க்கும் இடிமழையில் அன்று முளைத்த கீரை எதுவும் எழுந்து நிற்பதில்லை. கிழக்குக் கரையில் இருப்போர் இக்கணக்கை அப்படியே கொள்ளலாகாது. அங்கே நவம்பர் தொடங்கிப் பருவமழை விடாது பெய்வதால், அம்மழை ஓய்ந்தபின் விதைப்பதே தக்கது.

மூன்று பாத்திகள் எடுத்திருந்தனர். ஒவ்வொன்றும் மூன்றரை அடி அகலம், ஒரு சாண் உயரம். இருபுறமிருந்தும் கையை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். எக்காரணம் கொண்டும் பாத்தியின்மேல் கால் வைக்கலாகாது. மிதிபட்ட செம்மண் செங்கல்லாக இறுகிவிடும் என்பது குலை வண்டி ஓடும் பாதையைப் பார்த்தவர்க்கு விளங்கும். முதல் பாத்தியில் தண்டுக்கீரையும் கங்கோங் கீரையும் இருந்தன. குழாயடிக்கு அருகில் இருந்த இரண்டாம் பாத்தியில் வெண்டை. அதில் பாதியைக் கத்தரிக்கும் மிளகாய்க்கும் ஒதுக்கியிருந்தனர். மூன்றாம் பாத்தியில் பயற்றங்காயும், ஓரத்தில் ஒரு வரிசை வெண்டையும், மூலையில் பழைய செரைப்புல் தூர் ஒன்றும் இருந்தன. கத்தரி, மிளகாய் விதைகளைத் தனியே ஒரு மரப்பெட்டியில் தூவி, கூரைத் தாழ்வாரத்தில் வைத்திருந்தார் துணைவியார்.

இரண்டாம் வாரம்

நாம் முதன்முறை சென்றபோது எல்லார் முகத்திலும் மகிழ்ச்சி இருந்தது. இரவு முழுதும் ஊறவைத்து விதைத்த வெண்டை ஐந்தாம் நாள் முளைத்ததாகவும், பயற்றங்காய் அதற்கு ஒரு நாள் முன்பே தலைகாட்டியதாகவும் பேத்தி தன் பயிற்சிப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தாள். ஆசிரியர் எவரும் சொல்லாமலே அவள் செய்த இவ்வேலை நம் மனத்துக்கு நிறைவளித்தது. நாளும் செயலும் குறிக்கப்பட்ட அந்தப் புத்தகமே பின்னர் ஒரு பெரிய புதிரை அவிழ்க்க உதவிற்று.

தண்டுக்கீரை மட்டும் இங்கும் அங்கும் திட்டுத்திட்டாக முளைத்திருந்தது. இது விதையின் குற்றம் அன்று, எறும்பின் வேலை. கீரை விதை கடுகிலும் சிறியது. எறும்புகள் அதனைத் தூக்கிச் சென்று தம் புற்றில் சேர்த்துவிடுகின்றன. விதையோடு நான்கு பங்கு மணலும் சிறிது சாம்பலும் கலந்து தூவி, மேலே மெல்லிய மண் போர்வை இட்டால் விதையும் சீராகப் பரவும். எறும்பின் தொல்லையும் குறையும். விடுபட்ட இடங்களில் இம்முறையில் மறுபடி விதைத்தனர்.

மரப்பெட்டியில் நிலைமை வேறு. அடர்த்தியாக முளைத்த கத்தரி நாற்றுகளில் பாதிக்குமேல் மண்ணோடு ஒட்டும் இடத்தில் நூல்போல் மெலிந்து, அழுகி, சாய்ந்து கிடந்தன. நாற்றழுகல் என்னும் இந்நோய் பூஞ்சணத்தால் வருவது. அப்பூஞ்சணத்துக்கு விருந்து வைத்தது, அன்போடு ஒரு நாளைக்கு மூன்று வேளை ஊற்றிய நீர். குழந்தைக்கு அடிக்கடி பாலூட்டுவதுபோல் நாற்றுக்கும் அடிக்கடி நீர் வேண்டும் என்று தாய்மார்கள் எண்ணுகின்றனர். நாற்றுமேடையில் வேலை செய்த அம்மையாரே இவ்வாறு எண்ணியிருந்தார். பைகளில் வளரும் செம்பனை நாற்றும் பெட்டியில் வளரும் கத்தரி நாற்றும் நீர் குடிப்பதில் ஒன்றல்ல. காலையில் ஒரு முறை போதும். மாலையில் மேல்மண் உலர்ந்து தோன்ற வேண்டும். பெட்டியின் அடியில் துளைகள் இட்டு, மண்ணில் மூன்றில் ஒரு பங்கு ஆற்று மணல் கலந்து, விரற்கடை இடைவெளி விட்டுப் புதிதாக விதைக்கச் சொன்னோம். இரண்டு வாரம் பின்தங்கியது உண்மையே. எனினும், அழுகிய நாற்றுகளில் தப்பியவற்றைப் பொறுக்கி நட்டு இரண்டு மாதம் காத்திருப்பதைவிட அது இலாபம்.

நான்காம் வாரம்

இரண்டாம் முறை நாம் சென்றபோது வாசலில் வரவேற்ற குரலே மாறியிருந்தது. “இந்தத் தடவையும் போச்சு ஐயா” என்றார் வீட்டுத் தலைவர். கொல்லையின் நடுவே ஒரு கம்பை நட்டு, சுண்ணாம்புப் புள்ளிகள் இட்ட கரும்பானை ஒன்றை அதன்மேல் கவிழ்த்து வைத்திருந்தார் மூத்த அம்மையார். கண்ணேறு பட்டுவிட்டதாம். பெரியவர்களின் நம்பிக்கையை நாம் பழிக்க வரவில்லை. ஆனால், பானைக்கு இட்ட சுண்ணாம்பில் ஒரு பங்கை மண்ணுக்கும் இட்டிருக்கலாம் என்றோம். அவரும் சிரித்துவிட்டார்.

அது வேடிக்கைப் பேச்சு அன்று. மழை மிகுந்த நம் நாட்டில், மண்ணில் உள்ள சுண்ணச் சத்தும் மக்னீசியச் சத்தும் ஆண்டாண்டாகக் கரைந்து கீழே இறங்கிவிடுகின்றன. எஞ்சும் மண் புளிப்பேறிவிடுகிறது. செம்பனையும் ரப்பரும் அப்புளிப்பைத் தாங்கும். கீரையும் வெண்டையும் தாங்கா. புளித்த மண்ணில் எவ்வளவு உரமிட்டாலும் வேர் அதனை முழுதும் எடுத்துக்கொள்ள இயலாது. அந்த வீட்டு வெண்டையின் அடியிலைகளில் நரம்புகள் பச்சையாக இருக்க, நரம்புகளுக்கு இடைப்பட்ட பகுதி மஞ்சளித்திருந்தது. “இதே நிறத்தை வேறெங்கும் பார்த்ததுண்டா?” என்று வீட்டுத் தலைவரைக் கேட்டோம். சற்றே எண்ணிப் பார்த்துவிட்டு, “கீசரைட் போடாத மரத்து அடி ஓலை” என்றார். அவர் சொன்னது முற்றும் சரி. செம்பனையின் முதிர்ந்த ஓலை ஆரஞ்சு நிறம் கொள்வதும், வெண்டையின் அடியிலை மஞ்சளிப்பதும் ஒரே குறைவின் இரு தோற்றங்கள். மக்னீசியம் போதாதபோது செடி தன் பழைய இலையிலிருந்து அதனை எடுத்துப் புதிய தளிருக்கு அனுப்புகிறது. ஆகவே முதலில் மஞ்சளிப்பது அடியிலையே. நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களைக் கடந்து செல்லும் தொழிலாளர்க்கு இந்த அறிவு முன்பே உண்டு. அதனைத் தம் வீட்டுப் பின்புறத்துக்குக் கொண்டுவரத்தான் எவரும் எண்ணுவதில்லை. (அறிவைக் கொண்டுவரலாம், உரத்தைக் கேளாமல் கொண்டுவரலாகாது. இதனையும் சிரித்துக்கொண்டே சொல்லி வைத்தோம்.)

இக்குறைக்கு உற்ற மருந்து மக்னீசியம் கலந்த சுண்ணாம்புக்கல் தூள். தோட்டக்கலைப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிராம் வீதம் தூவி மண்ணோடு கலந்து, இரண்டு மூன்று வாரம் கழித்தே விதைத்தல் முறை. கோழி எருவோடு சேர்த்து ஒரே நாளில் இடலாகாது. எருவின் தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும். இவ்வீட்டில் அந்தக் காலம் கடந்துவிட்டது. ஆகவே, நின்ற செடிகளுக்கு இடையே மெல்லிய கோடாக இட்டுக் கிளறச் சொன்னோம். உடனே பலன் தெரியாது. மஞ்சளித்த இலை மறுபடி பச்சையாகாது. புதிய இலைகள் பச்சையாக விரிகின்றனவா என்பதைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இனி, ஏன் கைவிட நினைத்தார்கள் என்பதற்கு வருவோம். மூன்றாம் பாத்தியில் பயற்றங்காய்க் கொடிகளும், ஓரத்து வெண்டை வரிசையும் பார்க்கவே மனம் நோகும்படி இருந்தன. நுனியிலைகள் குறுகி, கயிறுபோல் முறுக்கிக் கொண்டிருந்தன. தண்டுகள் வளைந்து தரையை நோக்கின. இலைச்சுருட்டை நோய் என்று பக்கத்து வீட்டார் சொல்லியிருந்தனர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். இலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தும் பேனோ சிலந்தியோ வெள்ளை ஈயோ சுருட்டுக்குக் காரணம் சொல்லும் அளவில் இல்லை. அதே வெண்டை விதை, அதே நாள் விதைத்தது, குழாயடிப் பாத்தியில் மஞ்சளித்தாலும் நிமிர்ந்து நின்றது. முறுக்கிய கொடிகளுக்கு ஒரு முழத் தொலைவில் நின்ற செரைப்புல்லோ ஒரு தாளும் வாடாமல் தழைத்திருந்தது. நோய்க்கும் பூச்சிக்கும் செரைப்புல் பிடிக்காமல் இருக்கலாம். ஆனால், அகன்ற இலைச் செடிகளை எல்லாம் முறுக்கிவிட்டுப் புல்லை மட்டும் தொடாது விடுவது எது?

பேத்தியின் புத்தகத்தை வாங்கிப் பார்த்தோம். எட்டு நாள் முன்பு, “பயற்றங்காயில் அசுவினி. தாத்தா சவர்க்கார நீர் அடித்தார்” என்று எழுதியிருந்தாள். சவர்க்கார நீர் நல்ல மருந்துதான். ஒரு லிட்டர் நீருக்கு ஒரு தேக்கரண்டி வீதம் கலந்து வெயில் தாழ்ந்தபின் தெளித்தால் அசுவினி மடியும். செடிக்கும் உண்பார்க்கும் கேடில்லை. எதனால் தெளித்தீர்கள் என்று கேட்டோம். மருந்தடிக்கும் பிரிவில் வேலை செய்யும் அண்டை வீட்டாரின் முதுகுப் பம்பை இரவல் வாங்கினாராம். மூன்று முறை கழுவிவிட்டே பயன்படுத்தினாராம்.

அங்கேதான் விடை இருந்தது. அந்தப் பம்பில் அதற்கு முன் அடித்தது களைக்கொல்லி. அகன்ற இலைக் களைகளைக் கொன்று புல்லை விட்டுவிடும் 2,4-டி போன்ற களைக்கொல்லிகள் செடியின் வளர்ச்சியைத் தாறுமாறாக்கி, இலையைக் குறுக்கி முறுக்குகின்றன. அவற்றின் மிகச் சிறிய எச்சமும் பயறு, வெண்டை, கத்தரி, தக்காளி போன்றவற்றுக்குப் போதும். பம்பின் இரப்பர்க் குழாயிலும் வளையங்களிலும் படிந்த மருந்து, வெறும் நீரில் மூன்று முறை அலசினால் போவதில்லை. சவர்க்காரம் கலந்ததும் அப்படிவு இளகி வெளிவந்திருக்கும். பூச்சிக்கு மருந்தடிக்கிறோம் என்று நம்பியவர் தம் செடிகளுக்கே களைமருந்து அடித்திருக்கிறார்.

இதனைக் கேட்டு அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “போன வருஷமும் இதே பம்புதான்” என்றார்.

மண்ணில் விளையாது என்றும், கண்ணேறு என்றும், தம் கைராசி இல்லையென்றும் ஒரு குடும்பம் ஓராண்டு முழுதும் எண்ணியிருக்கிறது. இத்தனைக்கும் காரணம் ஓர் இரவல் பம்பு. வீட்டுத் தோட்டத்துக்குத் தெளிப்பான் வேண்டுமெனில், சில வெள்ளிக்குக் கிடைக்கும் கைத்தெளிப்பான் ஒன்றைப் புதிதாக வாங்கி, அதனை வேறு எதற்கும் பயன்படுத்தாது வைத்துக்கொள்ள வேண்டும். இவ்வொன்றைச் சொல்வதற்காகவே இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம் என்றாலும் மிகையாகாது.

முறுக்கிய செடிகளுக்கு மாற்று மருந்து இல்லை. எச்சம் மிகச் சிறிதாயின் சில வாரங்களில் புதிய தளிர் நேராக வருவதுண்டு. இங்கே அது மிகுதியாகத் தோன்றியதாலும், உண்ணும் பொருளில் ஐயம் கூடாது என்பதாலும், அப்பாத்தியைப் பிடுங்கிவிட்டு, குவியலில் சேர்க்காமல் அப்புறப்படுத்தச் சொன்னோம். அந்த மண்ணில் உடனே விதைக்காமல் இரண்டு பாத்திகளுக்கு இடையே இருந்த வரப்பை அகலப்படுத்தி, அங்கே பயற்றங்காயைப் புதிதாக ஊன்றினர்.

பிடுங்கியபோது ஒரு நல்லதும் கண்டோம். பயற்றங்காயின் வேரில் கடுகளவு முண்டுகள் தோன்றியிருந்தன. ஒன்றை நகத்தால் கிள்ளிப் பேத்திக்குக் காட்டினோம், உள்ளே இளஞ்சிவப்பு. காற்றில் உள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கும் நுண்ணுயிர்கள் வாழும் வீடு அது. சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். இலை மேலே நோயாளிபோல் தோன்றிய செடியின் கீழே, யாரும் காணாமல் வேலை நடந்துகொண்டிருந்தது.

சமையற்கட்டுப் போத்தல்

அன்று விடைபெறுமுன் கைகழுவச் சென்றபோது, சமையற்கட்டை ஒட்டிய சார்ப்பில் ஒரு பழைய சர்பத் போத்தலைக் கண்டோம். அடையாளச் சீட்டில்லை, பழுப்பு நிறத்தில் ஏதோ அரைப் போத்தல் இருந்தது. “பூச்சிக்கு வெச்சிருக்கோம்” என்றார்கள். என்ன மருந்து, யார் கொடுத்தது, எப்போது என்று எவருக்கும் நினைவில்லை.

இதனை எழுதாமல் செல்ல நம் மனம் ஒப்பவில்லை. நம் தோட்டங்களில் நெடுங்காலம் பயன்பட்ட பாராகுவாட் என்னும் களைக்கொல்லி 2020ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு இந்நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஒரு மிடறு உட்கொண்டாலும் உயிரைப் பறிக்கவல்ல நஞ்சு அது, முறிமருந்து இல்லை. குளிர்பானம் என்று எண்ணிக் குழந்தைகள் குடித்த கொடுமையைத் தோட்டத்து மக்கள் அறிவர். தடை வந்தபின்னும் பெயரறியாத போத்தல்கள் சார்ப்புகளிலும் பரண்களிலும் தங்கியிருக்கின்றன. அந்தப் போத்தலில் இருந்தது அதுவா, வேறா என்பது தெரியாது. தெரியாமல் இருப்பதே ஆபத்து. விற்பனைக்கு வரும் பூச்சிமருந்து எதுவும் பதிவு பெற்று, உரிய சீட்டுடன், தனக்குரிய கலத்தில் இருக்க வேண்டும் என்பதற்காகவே 1974ஆம் ஆண்டில் பூச்சிமருந்துச் சட்டம் இயற்றப்பட்டது. சாக்கடையில் ஊற்ற வேண்டாம், மூடி திறக்கவும் வேண்டாம் என்றோம். மறுநாளே வீட்டுத் தலைவர் அதனைப் பண்டகசாலைக் கிராணியிடம் ஒப்படைத்துவிட்டதாகப் பின்னர் அறிந்தோம்.

ஆறாம் வாரம்

மூன்றாம் முறை சென்றது நவம்பர் தொடக்கம். முந்தின நாளும் மழை. பாத்தி ஓரங்கள் கரையாமல் இருக்க, ஆலையிலிருந்து தோட்டத்துக்கு வரும் வெறுங்குலைகளில் சிலவற்றை அனுமதி பெற்று எடுத்துவந்து, பிரித்து, ஒற்றை அடுக்காகப் பரப்பியிருந்தனர். ஒற்றை அடுக்கு என்பதைக் கவனிக்க வேண்டும். குவியலாகப் போட்டால் காண்டாமிருக வண்டு அதில் முட்டையிட்டுப் பெருகும்.

கங்கோங் கீரையை இருபத்தைந்தாம் நாள் முதல்முறை அறுத்து, இப்போது இரண்டாம் அறுப்புக்கு வந்திருந்தது. வேரோடு பிடுங்காமல் இரண்டு கணு விட்டு அறுப்பதால் மறுபடி தழைக்கிறது. தண்டுக்கீரை மூன்று முறை குழம்புக்கு ஆயிற்று. குழாயடி வெண்டையில் புதிய இலைகள் கரும்பச்சையாக விரிந்திருந்தன. நாற்பதாம் நாளில் முதல் பூ. பூத்த ஐந்து ஆறு நாளில் காய் பறிக்க வேண்டும், தாமதித்தால் நார் முற்றிவிடும். நாம் சென்ற அன்று காலையில் பறித்தவை ஒன்பது காய்கள். புத்தகத்தில் “9” என்று எழுதி, பேத்தி அதனைச் சுற்றி வட்டம் போட்டிருந்தாள். புதிய கத்தரி நாற்றுகள் நான்கு இலை விட்டு, இரண்டடி இடைவெளியில் நடப்பட்டிருந்தன. நட்ட பயற்றங்காய்க்குக் கம்பு ஊன்றியாகிவிட்டது.

ஒன்பது வெண்டைக்காய் ஒரு குடும்பத்தின் செலவைக் குறைத்துவிடாது. நாமும் அவ்வாறு கணக்குக் காட்ட மாட்டோம். ஆனால், கீரை வாங்குவதற்காக நகரத்துக்குச் செல்லும் வண்டிச் செலவையும், வெள்ளிக்கிழமை வாங்கிய கீரை புதன்கிழமை வாடிப்போவதையும் எண்ணிப் பார்க்கும் இல்லத்தரசிக்கு, கொல்லைப்புறத்தில் நிற்கும் ஒரு பாத்தி கீரையின் மதிப்பு தெரியும்.

குறை ஒன்று கண்டோம். நீர் பிடித்து வைத்த மூன்று வாளிகளும் ஒரு தகரப் பீப்பாயும் மூடியின்றி இருந்தன. ஒன்றில் கூத்தாடிப் புழுக்கள் துள்ளின. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒரு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். இல்லையேல் மூட வேண்டும். கீரைக்கு வைத்த நீரில் டிங்கிக் காய்ச்சலை வளர்ப்பது என்ன கணக்கு? அன்றே கவிழ்த்தனர்.

பழமரங்களைப் பற்றி

பழங்களில் முதலில் நட வேண்டியது பப்பாளி. ஒரு குழியில் மூன்று கன்றுகளை நடுவது வழக்கம். காரணம், பப்பாளியில் ஆண், பெண், இருபால் என மூவகை உண்டு. பூக்கும்வரை எதுவென்று தெரியாது. மூன்று நான்கு மாதத்தில் பூக்கும்போது நீண்ட பூ உடைய இருபால் மரத்தை விட்டு மற்றவற்றை நீக்கிவிட வேண்டும். மார்டி ஆராய்ச்சிக் கழகம் 1987ஆம் ஆண்டில் வெளியிட்ட எக்சோத்திக்கா வகை, ஒரு கிலோவுக்குக் குறைந்த சிறிய பழம் தருவது. சிறு குடும்பத்துக்கு ஏற்றது. நட்ட ஒன்பது மாத அளவில் பழம் எதிர்பார்க்கலாம். வேரில் நீர் தேங்கினால் ஒரே வாரத்தில் அழுகிவிடுமாதலால் மேடு கட்டி நட வேண்டும். வாழைக்கோ நேர்மாறாக, குளியலறை நீர் ஓடும் பக்கமே நல்லிடம். அகன்ற இலை விட்ட நீர்க்கன்றை விடுத்து, கூரிய இலையுடைய ஈட்டிக்கன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

துணைவியாருக்கோ ரம்புத்தான் மீது ஆசை. ஒட்டுக்கன்று வாங்கினால் மூன்று நான்கு ஆண்டில் காய்க்கும் என்று யாரோ சொன்னார்களாம். சொன்னது தவறன்று. கணவர் குறுக்கிட்டு, “எனக்கு ரிட்டயர் ஆக நாலே வருஷம்” என்றார். வீடு தோட்டத்துக்கு உரியது. அறுபது வயதில் சாவியை ஒப்படைக்கும் நாளில் மரத்தைப் பெயர்த்துக்கொண்டு போக இயலாது. அடுத்து வருபவர் உண்ணட்டும் என்று நடுவோரும் உண்டு. அவர்களை நாம் வணங்குகிறோம். எனினும், வாழ்நாளெல்லாம் பிறர் மரத்துக் குலையை வெட்டிய ஒருவர், தமக்கென நட்ட மரத்தின் முதல் பழத்தையாவது தாமே உண்ண விரும்புவதில் குற்றம் காண நம்மால் இயலவில்லை.

கன்று விற்கும் கடையில் பதியம் போட்ட கொய்யாவும் எலுமிச்சையும் கிடைக்கும். பதியக் கன்று ஓராண்டிலேயே காய்க்கத் தொடங்குவதுண்டு. அவற்றைத் தரையில் நடாமல், அடியில் விரல் பருமன் துளைகள் ஐந்தாறு இட்ட பெரிய பீப்பாயில் வளர்த்தால், வீடு மாறும்போது கூடவே கொண்டுசெல்லலாம் என்றோம். நீர் பிடித்துக் கொசு வளர்த்த அதே தகரப் பீப்பாயை அவர் அப்போதே புரட்டிப் போட்டு, ஆணியும் சுத்தியலும் எடுத்துவரச் சொன்னார். துணைவியார் எலுமிச்சை வைப்பதா, கொய்யா வைப்பதா என்று கேட்டார். அடுத்த முறை நாம் செல்லும்போது, ஏதேனும் ஒரு கன்று அதில் நின்றிருக்கும், பயற்றங்காயும் காய்த்திருக்கும்.